ஒரு பிடி சோறும் ஒரு சொல்லும்

பிரயாணத்தில் நேரும் தாமதத்தை நொந்துகொள்ளாதார் இல்லை. யானும் நொந்துகொள்பவனே. ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் மட்டக்களப்புக்குச் சென்றபோது நேர்ந்த தாமதத்தை மட்டும் இன்று வரை என்னால் நொந்துகொள்ள முடியவில்லை. அன்று வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்குமாயின், ஓர் இளம் மாணவிக்கு யான் இழைத்த அநீதி அப்படியே நின்றிருக்கும்; அஃது அநீதி என்பதையும் யான் அறிந்திருக்கமாட்டேன். அதனை வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்னும் எண்ணம் நெடுநாளாக என் உள்ளத்திற் கிடந்தது.

மட்டக்களப்பிலுள்ள ஓர் இலக்கிய மன்றத்தார் பாடசாலை மாணவருக்கென ஒரு கட்டுரைப் போட்டி நடத்தினர். ‘எங்கள் ஊர் அறுவடை’ என்பது பொருள். நடுவர் அயலூரவராயின் பக்கச்சார்பு என்னும் பேச்சுக்கு இடமிராது என்று கருதி, யாழ்ப்பாணத்திலே கீழைத்தேயக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் என்னிடம் 42 கட்டுரைகளையும் தபாலில் அனுப்பிவைத்தனர். அவற்றைத் திருத்திப் புள்ளியிட்டுப் பரிசளிப்புக்கு முதல்நாட் காலையில் நேரிலே கொண்டுசென்று கையளிப்பதாக யான் ஒப்புக்கொண்டேன். பரிசுகள் மூன்று.

திருத்தி முடித்தபோது நான்காம் இடத்தில் நின்றது ஒரு மாணவியின் கட்டுரை. பதினைந்து வயதிருக்கும். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. கதிரறுப்பும் சூடடிப்பும் வயலுக்குச் சோறு கொண்டுபோவதும் கண்முன்னே நடப்பனபோல எழுதப்பட்டிருந்தன. ஆயின், ‘மறுகா’ என்றும், ‘கிறுகி’ என்றும், ‘ஆணம்’ என்றும் இடையிடையே சொற்கள் வந்தன. அறுவடைக்கு வந்த இளைஞரையெல்லாம் அவளுடைய அம்மம்மா ‘மனே, மனே’ என்று அழைப்பதாக ஏழிடங்களில் எழுதியிருந்தாள். அத்தனையையும் சிவப்பு மையினால் வட்டமிட்டு, ஓரத்திலே ‘கொச்சை’ என்று எழுதி, சொல்லுக்கு ஒரு புள்ளி வீதம் குறைத்தேன். குறைந்தவை பதினொரு புள்ளிகள். மூன்றாம் இடம் பெற்ற மாணவனுக்கும் அவளுக்கும் இடையிலிருந்த வேறுபாடு மூன்று புள்ளிகள். முப்பது ஆண்டு செய்துவந்த தொழிலாதலின் கை நடுங்கவில்லை, உறக்கமும் கெடவில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் 2014ஆம் ஆண்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னர், கிழக்கே போவோருக்கு இருப்புப்பாதை வழியும் திறந்தது. அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழி. தெற்கே மாகோச் சந்தி வரை போய், அங்கே இறங்கி, கொழும்பிலிருந்து வரும் மட்டக்களப்பு வண்டியில் ஏறி, மீண்டும் வடகிழக்கே திரும்ப வேண்டும். பஸ்ஸிற் போனால் தூரம் குறைவு. ஆயின் என் இடுப்பு பஸ்ஸுக்கு இணங்குவதில்லை. ஆகவே தை மாதக் கடைசியில் ஒரு நாள், வேட்டி சால்வையுடன், கட்டுரைக் கட்டினை ஒரு துணிப்பையில் இட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

மட்டக்களப்பு என்றதும் எனக்கு நினைவு வருவது மறைந்த என் தாயாரின் எச்சரிக்கை. சிறுவனாயிருந்த காலத்தில் அயல்வீட்டார் ஒருவர் அப்பகுதிக்கு ஆசிரியராகப் போனவர், திரும்பி வரவேயில்லை. அங்கேயே மணஞ்செய்து தங்கிவிட்டார். அன்று தாயார் என்னைப் பார்த்து, “மோனை, அந்தப் பக்கம் போனால் பாயோடை ஒட்டிப்போடுவினம்” என்றார். யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை இது. ஏதோ மருந்தும் மந்திரமும் செய்து மனிதரைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்களாம். யான் அதனை நம்பியவன் அல்லேன். ஆயினும் நம்பாத கதையும் மனத்தின் ஒரு மூலையிற் கிடக்கத்தான் செய்கின்றது.

எங்கள் வண்டி வழியிற் பெய்த மழையினாலே தாமதித்து மாகோவை அடைந்தபோது, யான் ஏறவேண்டிய வண்டி போய்விட்டது. அடுத்தது நடுநிசிக்குப் பின்னரே என்றார்கள். நிலையத்து வாங்கில் அமர்ந்தேன். நுளம்புகள் வந்து விசாரித்தன. வாயிலுக்கு எதிரே சிறு தேநீர்க்கடை வைத்திருந்த சிங்களப் பெரியவர் ஒருவர், யான் மூன்றாம் முறை வெறுந்தேநீர் கேட்டுப் போனபோது, கையாற் சைகை காட்டிக் கடைக்குள்ளே இருக்கச் செய்தார். அவருடைய மொழி எனக்கு அரைகுறை. என்னுடையது அவருக்கு அவ்வளவுமில்லை. இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடுநிசி வண்டி வந்தது. கல்லோயாச் சந்தியிலே திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரிகின்றன. அதற்கப்பால் மின்னேரியாக் காடு. யானைகள் இருப்புப்பாதையைக் கடக்கும் இடம். இரவு வண்டிகள் அங்கே மெல்லவே செல்ல வேண்டும். எங்கள் வண்டி மெல்லச் சென்று, பின்னர் நின்றேவிட்டது. முன்பெட்டியிலிருந்து செய்தி ஒவ்வொரு பெட்டியாக வந்து சேர்ந்தது: கன்றுடன் ஒரு கூட்டம் பாதையில் நிற்கின்றது. ஊதுகுழலை ஊதியும் அவை அசையவில்லை. ஒருவரும் சினக்கவில்லை என்பது எனக்கு வியப்பாயிருந்தது. “கண்டு நடக்கோணுமே” என்றார் எதிரேயிருந்த ஒருவர். கன்று நடந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

விடியும் வேளையில் மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்தோம். 2007ஆம் ஆண்டிலே பக்கத்தே புதிய பாலம் வரும் வரையில், புகையிரதமும் மோட்டார் வண்டிகளும் ஒரே இரும்புப் பாலத்தின் மீதே முறைவைத்துச் சென்றன. அவ்விரும்புப் பாலத்தின் மேல் வண்டி கடகடத்துச் செல்ல, கீழே 335 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு மழைவெள்ளத்தாற் கலங்கிப் பெருகிக் கிடந்தது.

மன்னம்பிட்டி நிலையத்தில் ஒரு மூதாட்டியார் ஏறினார். எழுபதைக் கடந்தவர். வெள்ளைச் சேலை, கையில் ஓர் ஓலைப்பெட்டி. மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறாராம். என்னை ஏறிட்டுப் பார்த்து, “எங்க மனே போறீங்க?” என்றார்.

துணிப்பைக்குள் ஏழு முறை சிவப்பு வட்டமிடப்பட்டுக் கிடந்த சொல், இப்போது என்னை நோக்கியே வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பண்டிதனை ‘மனே’ என்று அழைப்பவர் உலகில் ஒருவர் இருக்கிறார் என்பது ஒரு கணம் என்னைத் திகைக்கவைத்தது. மட்டக்களப்புக்கு என்றேன். சாப்பிட்டதுண்டோ என்று கேட்டார். மாகோவில் ஒரு பணிஸ் என்றேன். அவர் முகம் வாடிற்று. பணிஸை அவர் உணவாகக் கணக்கிடவில்லை.

புணானையை அணுகும்போது, 1924ஆம் ஆண்டில் செல்ரன் ஏகார் என்னும் ஆங்கிலேயர் அக்காட்டிலே சுட்டு வீழ்த்திய ஆட்கொல்லிச் சிறுத்தையின் கதையை யாரோ சொல்லத் தொடங்கினார். அக்கதை முடியுமுன்னரே வாழைச்சேனை வந்தது. வண்டி நின்றது, நின்றபடியே நின்றது. இரவு முழுதும் பெய்த மழையினால் முன்னே பாதையில் நீர் ஏறியிருக்கிறதாம், பார்த்துவிட்டே விடுவார்களாம். மதியமாகலாம், மாலையுமாகலாம். மட்டக்களப்பு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் தூரம். தெருவிலே வந்த பஸ் வண்டிகளிற் படிக்கட்டிலும் இடமில்லை.

வாழைச்சேனை என்ற பெயரை யான் சிறுவயதிலேயே அறிந்தவன். 1950களில் அங்கே நிறுவப்பட்ட காகித ஆலையில் வைக்கோலைக் கூழாக்கித் தாள் செய்தார்கள். கிழக்கு மாகாணத்து வயல்களில் விளைந்த நெல் ஒருபுறம் சோறாகவும், அதன் தாள் ஒருபுறம் பிள்ளைகளின் எழுத்துக்குத் தாளாகவும் ஆயிற்று. அவ்வூரிலேதான், முந்திய நாட் காலைக்குப் பின் சோறு காணாத வயிற்றோடும், தோளில் 42 கட்டுரைகளோடும் யான் நின்றேன்.

“வாங்க மனே. மகன் மெசினோட வந்து நிக்கான். சோத்தைத் திண்டுபோட்டு மறுகா போகலாம்.”

‘தின்றுவிட்டு’ என்பதுதான் ‘திண்டுபோட்டு’. உணவினை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நால்வகையாகப் பகுப்பது மரபு. சோறு உண்ணப்படுவதன்றித் தின்னப்படுவதன்று என்று வகுப்பிலே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பார்த்துத் ‘தின்’ என்றாற் சண்டை வரும். அங்கேயோ அது வழக்கமான சொல், அன்பான சொல். பசி அந்த நேரத்தில் இலக்கணத்தை முந்திக்கொண்டது. உழவு யந்திரத்தின் பெட்டியிலே, நெல்மூட்டைகளுக்கிடையே, சால்வையை இறுகக் கட்டிக்கொண்டு ஏறினேன்.

அவர்கள் வீடு கிரானுக்கு அணித்தே, வயலை நோக்கிய ஒரு வளவு. சீமெந்துத் தரை, தகரக் கூரை, பின்னே ஓலைக் குசினி. முற்றத்திலே கால் கழுவச் செம்பில் நீர் தந்தார்கள். இருந்ததும் வெற்றிலை வட்டா வந்தது. எங்கள் பக்கத்திலே வெற்றிலை உணவின் பின்னே வருவது. அங்கே அது வரவேற்பு. வட்டாவை ஏற்றுக்கொண்டவன் அவ்வீட்டுக்கு விருந்தினன் ஆகிவிட்டான் என்பது பொருள்.

குசினிக்குள் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. யான் மரக்கறி உண்பவன் என்பதைச் சொல்லத் தயங்கினேன், பின் சொன்னேன். மூதாட்டியார் ஒன்றும் பேசவில்லை. பரண்மேலிருந்து நெருப்புக் காணாத ஒரு புதுச்சட்டியை இறக்கினார். மருமகளைக் கூப்பிட்டு, “இஞ்ச வாகா புள்ள, அகப்பையும் புதுசு எடு” என்றார். ஒரு நாட்பழக்கமுமில்லாத வழிப்போக்கனுக்காக மீன் படாத சட்டியும் அகப்பையும் வேறாக வந்தன. அவ்வேளையிலே அடுப்பு மூட்டிப் புதிதாகச் சமைத்தார்கள். யான் தடுத்தும் கேட்டிலர்.

வாழையிலையில் முதலில் வந்தது சோறு. அவ்வாண்டுப் புதுநெல்லைக் குற்றிய சிவப்பரிசி. ஆவியோடு எழுந்த மணம் வைக்கோலும் பாலும் கலந்ததுபோல இருந்தது. பூசணிக்காய்ப் பாற்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், தேங்காய்ப்பூ இட்ட பொன்னாங்காணிச் சுண்டல், மோர்மிளகாய். பின்னர் அம்மையார் புதுச்சட்டியைக் கொண்டுவந்து, தேங்காய்ப்பாலிற் பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் மஞ்சளும் இட்டுக் காய்ச்சித் தேசிக்காய் பிழிந்த ஒன்றைச் சோற்றின்மேல் வார்த்தார்.

“எங்கள் சொதி!” என்றேன் மகிழ்ச்சியோடு.

“பாலாணம் மனே” என்றார் அவர். பிறகு, “சொதி எண்டா என்ன?” என்று கேட்டார்.

வாசகர்களே, யான் வாயைத் திறந்தேன், மூடினேன். ‘சொதி’ என்னும் சொல்லின் பகுதி யாது, விகுதி யாது, எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறந்த நாள் முதல் உண்டுவந்த பொருளின் பெயர். ஒரு நாளும் அதனை ஐயுற்றதில்லை. ‘ஆணம்’ என்பதோ அகராதியிலே குழம்பு என்னும் பொருளோடு இருக்கும் சொல். கிழக்கிலங்கைத் தமிழரும், இலங்கை முஸ்லிம் மக்களும் இன்றும் நாடோறும் வழங்குவது. மூலம் சொல்லத் தெரியாத என் வீட்டுச் சொல்லைச் செம்மையென்றும், அகராதியிலுள்ள அவர்கள் வீட்டுச் சொல்லைக் கொச்சையென்றும் தீர்த்தவன் யான். அச்சோற்றை விழுங்கச் சிறிது நேரமாயிற்று.

இறுதியில் எருமைத்தயிர். சட்டியைச் சரித்தாலும் சிந்தாத தயிர். அகப்பையால் வெட்டியெடுத்து இலையில் வைத்து, அதன்மேல் தேனை ஊற்றினார்கள். பல ஊர்களிற் பல விருந்துகள் உண்டிருக்கிறேன். அவற்றை மறந்துவிட்டேன். இதனை மறக்கவில்லை.

கை கழுவி உள்ளே வந்தபோது, சுவரிலே மாலையிட்ட ஒரு படத்தைக் கண்டேன். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன். யான் ஒன்றும் கேட்கவில்லை. நம் நாட்டில் அத்தகைய படங்களின் முன் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. அம்மையாரே சொன்னார்: “மூத்தவன். இவனும் படிச்சவன்தான் மனே.” அவ்வளவே. அந்த ‘மனே’ எனக்குச் சொல்லப்பட்டதா, படத்துக்குச் சொல்லப்பட்டதா என்பதை யான் அறியேன்.

அப்பொழுதுதான் என் தாயாரின் குரல் காதில் விழுந்தது: மோனை. மகனே என்பது எங்கள் ஊரில் மோனை. இவர்கள் ஊரில் மனே. இரண்டும் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள். தாயார் இறக்கும் நாள் வரையும் என்னை அப்படித்தான் அழைத்தார். அச்சொல்லைக் கொச்சையென்று ஒரு நாளாவது நினைத்தேனா? யாரேனும் அதற்குச் சிவப்பு வட்டம் இட்டிருந்தாற் பொறுத்திருப்பேனா?

“கண்ணசருங்க மனே, மறுகா பஸ் வரும்” என்று ஒரு புதுப்பாயை விரித்தார். பன்புல்லால் இழைத்த பாய். இரவெல்லாம் விழித்திருந்தவன் படுத்தேன். எழுந்தபோது மணி மூன்று. பாயோடு ஒட்டிக்கொண்டுதான் கிடந்தேன்! மந்திரம் இன்னதென்பது அப்போது விளங்கிற்று. புதுச்சட்டியும் புதுப்பாயும் ‘மனே’ என்ற சொல்லுமே அம்மந்திரம். மட்டக்களப்பு மரபிலே குடி என்பது தாய்வழி வருவது. வீடும் வளவும் பெண்ணுக்கு உரியன. மணமகனே பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். எங்கள் அயல்வீட்டு ஆசிரியரும் அவ்வாறே ஒரு வீட்டுக்கு மகனாகப் போயிருப்பார். வரவேற்கத் தெரிந்தவர்களைக் கண்டு, திரும்பிவராதவர்களின் சுற்றத்தார் கட்டிய கதைதான் பாய்க்கதை.

விடைபெறும்போது ஒரு தயிர்ச்சட்டியைப் பனையோலைக் கயிற்றாற் கட்டிக் கையிலே தந்து, “மறுகா வாங்க மனே” என்றார். கிரான் சந்தியில் பஸ் கிடைத்தது. மாலை மயங்கும் நேரத்தில், ஒரு கையிற் கட்டுரையும் மறுகையிற் தயிருமாக மட்டக்களப்புச் சேர்ந்தேன்.

மன்றத்துச் செயலாளரிடம், “இன்னும் ஓர் இரவு தாருங்கள், கட்டுரைகளைத் திரும்பப் பார்க்க வேண்டும்” என்றேன். அவர் தயிர்ச்சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தயிருக்குப் புள்ளி போடப் போகிறீர்களோ ஐயா?” என்றார். விளையாட்டாகச் சொன்னாரெனினும் அது நியாயமான கேள்வி. உண்ட சோற்றுக்கு நன்றியாக ஒரு பிள்ளைக்குப் பதினொரு புள்ளியைத் திருப்பிக் கொடுத்தால், முன்னர்ச் செய்தது அறியாமை; பின்னர்ச் செய்வது கைக்கூலி. ஆகவே ஒரு கட்டுரையை மட்டும் எடுத்துப் பார்ப்பதில்லை என்றும், 42ஐயும் ஒரே அளவுகோலால் மீண்டும் அளப்பதென்றும் துணிந்தேன்.

அளவுகோல் புதியதன்று, வகுப்பிலே ஆண்டுதோறும் கற்பிப்பதே. சொல்லினை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகத் தொல்காப்பியர் பகுத்தார். வழக்கினை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என ஆறாக நன்னூலார் பகுத்தார். ஒரு சொல்லைக் காணும்போது இவற்றுள் எதிலும் அடங்காதாயின் அது வழு. அடங்குமாயின் அது வழக்கு. ‘மனே’ என்பது மகனே என்பதன் மரூஉ. தஞ்சாவூரைத் தஞ்சை என்பதற்கு ஒப்புக்கொண்ட நாம் இதற்கு மட்டும் மறுப்பது என்ன முறை? ‘மறுகா’ என்பது மறுகால் என்னும் சொற்றொடரை ஒட்டி மருவியது; மீண்டும் என்னும் பொருளை அது விளக்கமாகவே தருகின்றது. சூடடிக்கும் களத்திலே நெல்லைப் ‘பொலி’ என்று அம்மாணவி எழுதியிருந்தாள். களத்திலே பெருக்கம் குறித்து வழங்கும் மங்கலச் சொல் அது. மாறாக, லகர ளகரத்தையும் ரகர றகரத்தையும் மயக்கி எழுதியவர்களுக்கு யான் குறைத்த புள்ளியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சோம்பலால் வருவது வழு. தாயிடமிருந்து வருவது வழக்கு. இரண்டையும் ஒரே மையினால் வட்டமிடலாகாது.

அன்றிரவு விழித்திருந்தபோது என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. சுவாமி விபுலாநந்தர் (1892 – 1947) பிறந்த காரைதீவு அப்பக்கத்து ஊர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, 1947இல் யாழ் நூலை வெளியிட்ட பெரியாரைப் பற்றி மேடைதோறும் பேசியிருக்கிறேன். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என் அலமாரியில் நிற்கின்றது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1966இல் ஈழத்தமிழை ஆராய்ந்து, பேச்சுத் தமிழ் வகைகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக அணுக்கமாக நிற்பது மட்டக்களப்புத் தமிழே என்று எழுதினார். இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தவை அலமாரியில் நின்றன. சிவப்புப் பேனை கையில் இருந்தது.

விடிவதற்குள் எண்ணி முடித்தேன். முதலிரு இடங்களும் மாறவில்லை. அம்மாணவி மூன்றாம் இடத்துக்கு வந்தாள். மூன்றாம் இடத்தில் இருந்த மாணவன் நான்காம் இடத்துக்கு இறங்கினான். அவனுடைய கட்டுரையை மூன்று முறை படித்தேன். ஒரு பிழையில்லை. ஆனால் அவ்வறுவடை எந்த ஊரிலே நடந்ததென்று சொல்லமுடியாது. அங்கே யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் ஒன்றும் உண்ணவில்லை.

பரிசளிப்புக்கு முன் அவனைத் தனியே அழைத்து, நடந்ததை மறையாது சொன்னேன். மெலிந்த பையன், பணிவாக நின்று கேட்டான். பின்னர் மெதுவாகச் சொன்னான்: “ஐயா, எங்கட வீட்டிலயும் ஆணம் எண்டுதான் சொல்லுறது. எழுதினாப் புள்ளி குறைப்பாங்க எண்டு சொல்லித் தந்தாங்க. அதாலதான் நான் எழுதல்ல.”

எனக்கு மறுமொழி இல்லை. என்னைப் போன்றவர்கள் விதித்த விதிக்கு அஞ்சித் தன் வீட்டுச் சொல்லை வெளியே விட்டுவிட்டு வந்தவன் அவன். அவ்விதியை மதித்ததற்காக இப்போது யானே அவனைத் தண்டிக்கிறேன். முன்னர் ஒரு பிள்ளைக்குச் செய்த அநீதியைத் துடைக்கப்போய், அடுத்த பிள்ளையின் வாசலில் அதனை வைத்துவிட்டேன்.

மன்றத்தாரிடம் முழுவதையும் எடுத்துரைத்து, மூன்றாம் பரிசினை இருவருக்கும் கொடுக்கும்படி வேண்டினேன். இரண்டாவது பரிசுக்கான பொருளை என் கணக்கில் ஏற்றுக்கொண்டேன். சிலர் இது வழக்கமன்று என்றனர், ஈற்றில் இசைந்தனர். மேடையிலே பேசும்போது, இப்போட்டியில் புள்ளி குறைக்கப்பட வேண்டியவர் நடுவரே என்று சொன்னேன். சபையோர் சிரித்தார்கள், அடக்கம் கருதிச் சொன்னதாக எண்ணியிருப்பார்கள். அம்மாணவி பரிசு பெற வந்தபோது, அவளுடைய கட்டுரையையும் கொடுத்தேன். ‘கொச்சை’ என்று எழுதிய இடமெல்லாம் வெட்டி, கீழே கையொப்பமிட்டிருந்தேன். அவள் அதனைப் படித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துக்கொண்டாள்.

அதன் பின்னர் எங்கள் கல்லூரியில் திசைச்சொல் பாடம் தொடங்கும் நாளிலே, நூலைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கமாயிற்று: “சோற்றின்மேல் உங்கள் வீட்டில் ஊற்றுவதன் பெயர் என்ன?” வன்னிப் பிள்ளையும், மன்னார்ப் பிள்ளையும், மலைநாட்டுப் பிள்ளையும், தீவகப் பிள்ளையும் தத்தம் சொல்லைச் சொல்வார்கள். முதலில் நாணத்தோடு சொல்வார்கள். கரும்பலகையில் யான் ஒவ்வொன்றையும் எழுதுவேன். வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதுவேன். வட்டமிடுவதில்லை.

கிரான் அம்மையாரை யான் மீண்டும் காணவில்லை. “மறுகா வாங்க” என்றார், போகக் கடமைப்பட்டவன். அடுத்த தை மாதம் போகலாமென்று ஒவ்வோர் ஆண்டும் எண்ணுகிறேன். அவர் தந்த சட்டி எங்கள் வீட்டுக் குசினியில் இருக்கின்றது. வெறும் மண்சட்டி. அதிலே என் மனைவி சொதி வைக்கிறாள். ஆணம் என்று சொல்லி யான் உண்கிறேன்.